உற்பத்தியாளர் யார்? - தஞ்சை நெல்லின் வரலாற்றைப் படிக்கும் முறை

வெள்ளி விழாக் காணும் நமது கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாறு பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டனர். மன்னர்களையும் போர்களையும் பற்றி எழுத வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். அவற்றை நம் பிள்ளைகள் பள்ளியில் வேண்டிய அளவு படிக்கின்றனர். அவர்கள் படிக்காத வரலாறு ஒன்று உண்டு. தாம் பிறந்த ஊரில் நெல்லை யார் விளைவித்தார், யார் அளந்தார், யார் விற்றார், யார் சங்கம் அமைத்தார், யாருடைய பெயர் கணக்கில் ஏறிற்று, யாருடைய பெயர் ஏறாமல் போயிற்று என்பதே அது.

வாங்குவோரும் விற்போரும் கூடி விலை முடிவாகும் ஏற்பாடே சந்தை என்று பொருளியல் பாடநூல் கூறும். பொது நோக்கம் உடையோர் ஒன்றுகூடி அமைத்துக்கொள்வது சங்கம் என்று குடிமையியல் கூறும். இவ்விலக்கணங்கள் பிழையானவை அல்ல. ஆனால் இவற்றை மட்டும் கையில் கொண்டு காவிரிப் படுகைக்குள் இறங்கினால் முதல் வரப்பிலேயே கால் இடறும். 1960களின் நடுவில் நாகைப் பகுதியின் நிலவுடைமையாளர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நெல் உற்பத்தியாளர் சங்கம். நாற்று விட்டவர், பறித்தவர், நட்டவர், களை எடுத்தவர், அறுத்தவர், கட்டுச் சுமந்தவர், அடித்துத் தூற்றியவர் ஆகியோருக்காக அமைந்த சங்கமன்று அது. அவர்கள் இருந்தது வேறொரு சங்கத்தில்; அதற்கு விவசாயத் தொழிலாளர் சங்கம் என்று பெயர். நெல்லை உற்பத்தி செய்தவர் 'தொழிலாளர்' ஆனார். நிலத்துக்கு உரியவர் 'உற்பத்தியாளர்' ஆனார். பெயர் சூட்டும்போதே பாதி வழக்கு தீர்ந்துவிடுகிறது. ஆகவே ஓர் அமைப்பைப் பற்றிப் படிக்கப் புகும் மாணவன் முதலில் அதன் பெயர்ப்பலகையை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

இவ்வாறு படிக்கும் வழக்கத்தைப் பழங்காலத்தின் மீதும் செலுத்திப் பார்ப்போம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். குடவோலை முறையின் சிறப்பைக் கூறும்போது மாணவர் முகம் மலர்வதையும் காண்கிறோம். பெருமை கொள்ளத்தக்க செய்தி அதில் உண்டு. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது என்ற விதி இன்றைய சங்கங்கள் பலவற்றுக்கும் வேண்டியதுதான். எனினும் குடத்தில் யாருடைய ஓலையை இடலாம் என்ற வரியையும் சேர்த்தே படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வேதக் கல்வி வேண்டும். நிலமும் மனையும் வேதமும் இல்லாதவரின் ஓலை குடத்துக்குள் விழவே வழியில்லை. சபை என்பது ஊர் அன்று. ஊரில் ஒரு பகுதியினரின் அமைப்பு. இதைச் சொல்வதால் குடவோலையின் சிறப்புக் குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால் வரலாறு குறைந்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. இராசராசன் கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது வரி நீக்கிய இடங்கள் ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரும் அப்பட்டியல்களில் கம்மாணசேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களும் வருகின்றன. அச்சொற்கள் அன்று எத்தகைய வாழ்க்கையைக் குறித்தன என்பதை இன்றைய பொருளைக் கொண்டு அப்படியே முடிவு கட்டுவது ஆய்வு முறைக்கு ஒவ்வாது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் குடியிருப்பு தனியே பிரித்து எழுதப்பட்டது என்பதை மறுக்க இயலாது. வரி நீக்கம் என்பது சலுகை போலத் தோன்றும். சுடுகாட்டுக்கும் வாய்க்காலுக்கும் அதே சலுகைதான் கிடைத்தது என்பதையும் நினைவிற் கொள்க.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். வெள்ளையர் வருவதற்கு முன் நம் கிராமங்கள் சமத்துவமாக இருந்தன, நிலமற்ற கூலிகளை ஆங்கில ஆட்சியே உண்டாக்கிற்று என்று பலர் எழுதினர். 1965இல் வெளிவந்த தமது நூலில் வரலாற்றாசிரியர் தர்மா குமார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் சாதியால் உழைப்புக்குக் கட்டுண்ட மக்கள் கணிசமாக இருந்தனர் என்பதை அரசு ஆவணங்களைக் கொண்டு காட்டினார். அதற்காக ஆங்கிலேயர் நம்மை மீட்க வந்தவர் என்று கொள்வதும் தவறு. 1819இல் வருவாய் வாரியம் அடிமை முறை பற்றி ஆட்சியர்களிடம் விவரம் கேட்டது. ஆனால் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பை நீக்கிய சட்டம் 1843இல்தான் வந்தது. அடிமையாக ஒருவரை வாங்குவதும் விற்பதும் குற்றமானது இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான். நிலவரி ஒழுங்காக வர வேண்டுமானால் மிராசுதாரிடம் ஆள் நிற்க வேண்டும் என்பது அரசுக்குத் தெரியும். அடிமை என்ற சொல் ஏட்டிலிருந்து நீங்கிற்று. பண்ணையாள் என்ற சொல் வயலில் நின்றது. அவன் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். இதைவிட உறுதியான சங்கிலி எதற்கு?

அச்சங்கிலியை அறுத்துக்கொண்டு நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பல் ஏறிப் பினாங்குக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் போனவர் ஏராளம். அங்கும் கங்காணியும் கடனும் காத்திருந்தன. ஆயினும் மாதச் சம்பளம் என்று ஒன்று உண்டு என்பதை அவர்கள் கண்டு வந்தனர். 1930இல் உலகச் சந்தையில் ரப்பர் விலை வீழ்ந்தபோது தோட்டங்கள் ஆள் குறைத்தன. பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே ஆண்டுகளில் பர்மா அரிசியும் சயாம் அரிசியும் மலிவாக வந்திறங்கித் தஞ்சை நெல்லின் விலையும் சரிந்தது. நெல் விலை வீழ்ந்தால் மிராசுதார் தம் சங்கத்தின் வாயிலாக அரசிடம் முறையிடலாம். ரப்பர் விலை வீழ்ந்தால் கப்பலில் திரும்பி வந்தவன் யாரிடம் முறையிடுவான்?

சந்தையைப் பற்றி நாம் சொல்ல விரும்புவதில் பெரும்பகுதி மரக்காலில் அடங்கியிருக்கிறது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை என்பது நம் ஊர்க் கணக்கு. களத்தில் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்லமாட்டார்கள். 'லாபம்' என்று தொடங்கி 'இரண்டு, மூன்று' என்று எண்ணுவார்கள். யாருக்கு லாபம் என்று எவரும் கேட்டதில்லை. கூம்பாக அளப்பது ஒரு முறை. கையால் தலை தட்டி அளப்பது வேறொரு முறை. பண்ணைக்குள் நெல் வரும்போது எம்முறை, பண்ணையிலிருந்து கூலியாக வெளியே போகும்போது எம்முறை என்பதை நம் முதியோரைக் கேட்டால் சொல்வார்கள். வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த பண்ணைகளைப் பற்றியும் அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கூலி எத்தனை மரக்கால் என்ற பேச்சுக்கு முன்னே, எந்த மரக்கால் என்ற பேச்சு நிற்கிறது. அளவை என்பது இயற்கையாக அமைந்த பொருளன்று. அதற்கும் ஓர் உடைமையாளர் உண்டு. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்து லிட்டரும் கிலோவும் ஊருக்குள் நுழைந்ததை எளிய செய்தியாகப் பாடநூல் கூறிச் செல்கிறது. முத்திரையிட்ட அளவை என்பது கூலிக்காரனுக்கு எத்தனை பெரிய செய்தி என்பதை அப்பாடத்தை நடத்தும் ஆசிரியர் கூறினால் நன்று.

மரக்காலோடு காலத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை இராது. அடுப்பு எரிய வேண்டும். அப்போது கடனாக வாங்கிய நெல்லைத் தை, மாசிச் சம்பா அறுவடையில் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். நெல் அருமையாக இருக்கும் மாதத்தில் வாங்கி, மலிந்து கிடக்கும் மாதத்தில் கொடுப்பவன் எந்தச் சந்தையிலும் தோற்றவனே. பத்தாயம் உடையவர் விலை ஏறும் வரை காத்திருந்தார். களவடியாகக் கிடைத்த நெல்லை அன்றிரவே குத்திச் சமைத்தவரால் காத்திருக்க இயலவில்லை. பாடநூல் கூறும் தேவையும் அளிப்பும் உண்மைதான். ஆனால் காத்திருக்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது என்பதை அது கூறுவதில்லை.

இந்நிலையில் நம் மக்களுக்கு ஒரு சங்கம் எவ்வாறு பிறந்தது? 1834இல் இங்கிலாந்தில் டால்பட்டில் என்னும் சிற்றூரில், குறைந்துகொண்டே வந்த கூலியைக் காக்க ஒன்றுகூடி உறுதிமொழி எடுத்ததற்காக ஆறு விவசாயத் தொழிலாளர்கள் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அதற்குப் பின் நூறாண்டு கழிந்து, 1943இல், மன்னார்குடிப் பகுதித் தென்பறையில் விவசாயிகள் சங்கம் தோன்றிற்று. தென்கன்னடத்திலிருந்து வந்து, தமிழ் கற்று, நம் சேரிகளில் தங்கி உண்டு உழைத்த பி. சீனிவாசராவ் அதன் பின்னே நின்றார். களப்பால் குப்பு போன்ற நம் மண்ணின் மைந்தர்கள் முன்னே நின்றனர். 1944இன் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சாணிப்பால் கொடுப்பதும் சவுக்கால் அடிப்பதும் நிறுத்தப்பட வேண்டும் என்பது ஒரு நிபந்தனையாக எழுதப்பட்டது. இளைஞர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். உலகெங்கும் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் கூலியையும் வேலை நேரத்தையும் பேசுகின்றன. நம்முடையது, சாணிப்பால் குடிக்க வைக்காதே என்று தொடங்கிற்று. சாதி என்பது தொழிலை மட்டும் பிரிக்கவில்லை, தொழிலாளரையே படிக்கட்டாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் எழுதியதன் பொருள் இவ்வொப்பந்தத்தில் விளங்கும். இங்கே கூலிப் போராட்டமும் மானப் போராட்டமும் ஒரே களத்தில் நடந்தன.

1948இல் மாயூரம் ஒப்பந்தமும், 1952இல் இராஜாஜி ஆட்சியில் தஞ்சைக் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றும், பண்ணையாளைக் காரணமின்றி நீக்கலாகாது என்றும் அச்சட்டம் கூறிற்று. ஆனால் ஓர் ஊரில் ஒரு வேலி, அதாவது 6 2/3 ஏக்கர், வரை உடையவர்க்கு அது பொருந்தாது. பண்ணையாளுக்கே பாதுகாப்பு என்று ஆனபின், பண்ணையாள் என்று ஒருவரும் இல்லாமல் செய்வது நிலவுடைமையாளர்க்கு எளிதாயிற்று. பழைய ஆட்கள் தினக்கூலிகள் ஆயினர். இதனை விடுதலை என்பதா, வேலை இழப்பு என்பதா? இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன என்பதே நம் கருத்து. ஒரு சட்டத்தைப் படிப்பவர் அதன் விதிகளோடு நிறுத்தாமல், அது வந்த மறுபோகத்தில் களத்தில் என்ன நடந்தது என்பதையும் தேடிப் படிக்க வேண்டும். குடியிருக்கும் மனையைச் சொந்தமாக்கிய குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. நம் மதிப்பீட்டில் அதுவே நம் மக்களின் முதுகெலும்பை நிமிர்த்திய சட்டம். மனை தனதான பின்தான் மனிதன் 'மாட்டேன்' என்று சொல்ல முடிந்தது.

அதற்குள் கீழ்வெண்மணி நிகழ்ந்துவிட்டது. கூலி உயர்வு கேட்டதையும், வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியதை எதிர்த்ததையும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததையும் தொடர்ந்து, 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மக்கள் நினைவில் அது அரைப்படி நெல்லுக்காக என்று நிலைத்துவிட்டது. அரைப்படி மட்டுமே காரணமாயின் அரைப்படியைக் கொடுத்திருப்பார்கள். எந்தச் சங்கத்தில் இருப்பது என்பதைச் சேரி தானே முடிவு செய்தது; அதுவே பொறுக்கப்படவில்லை. நாகை நீதிமன்றம் 1970இல் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. பெருநிலம் உடைய செல்வர்கள் தாமே நேரில் நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. நிலத்தின் அளவு ஒருவரின் சாட்சியாக நிற்கும் என்பதை நம் முன்னோர் அன்று கற்றனர். கணபதியா பிள்ளை ஆணையமும், 1969இன் நியாயக் கூலிச் சட்டமும் அந்தச் சாம்பலிலிருந்து பிறந்தவை.

இவற்றையெல்லாம் அறிஞர்கள் எழுதவில்லையா என்று கேட்கலாம். எழுதியிருக்கிறார்கள், தஞ்சையைப் போல் ஆராயப்பட்ட மாவட்டம் அரிது. காத்லீன் கஃப் அம்மையார் 1951 முதல் 1953 வரை இங்குத் தங்கி ஆய்ந்து, 1976இல் மீண்டும் வந்து, மாற்றங்களைக் கண்டு எழுதினார். ஆந்த்ரே பெத்தேய் 'ஸ்ரீபுரம்' என்ற புனைபெயரில் ஒரு தஞ்சைக் கிராமத்தைப் பற்றி 1965இல் வெளியிட்ட சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய நூல் உலகப் புகழ் பெற்றது. அவர் அக்கிரகாரத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். அதனால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியாமையை அவரே மறைக்காமல் குறிப்பிட்டார். அந்நேர்மையைப் பாராட்டுகிறோம். ஆனால் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரியும் ஊர் வேறு, களத்து மேட்டிலிருந்து பார்த்தால் தெரியும் ஊர் வேறு. நூலைப் படிக்கும்போது ஆசிரியர் எந்த வீட்டில் தங்கினார், எந்தக் கிணற்று நீரைக் குடித்தார் என்பதையும் கேட்க வேண்டும். கஃப் அம்மையாரின் நூல்களையும் நம் கல்லூரி மாணவர்கள் இக்கேள்வியோடு படிக்கலாம். அவற்றில் கூலி, அளவை, கடன் பற்றிய செய்திகள் நிறைந்திருக்கின்றன.

இன்று மிராசுதார் பத்தாயத்தின் இடத்தை அரசு பெரும்பகுதி எடுத்துக்கொண்டது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையில்தான் திறக்கப்பட்டது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் ஊர்தோறும் அமைந்தன. மரக்கால் போய் எடைத் தராசும், ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் கருவியும் வந்தன. விலை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. இவை முன்னேற்றமே, நம்மவரில் சிறு நிலம் வாங்கியோரும் குத்தகைக்குப் பயிரிடுவோரும் இதனால் பயன் பெறுகின்றனர். எனினும் பழைய கேள்வி மறையவில்லை. வெள்ளத்தில் பயிர் அழிந்தால் நிவாரணம் ஏக்கர் கணக்கில், அடங்கலில் பெயர் உள்ளவருக்குக் கணக்கிடப்படுகிறது. வாய்மொழிக் குத்தகைக்காரரின் பெயர் அடங்கலில் இராது. குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்தும் பதியாதவர் பலர். நட்ட பெண்கள் இழந்த வேலை நாட்களுக்கு அப்படிவத்தில் கட்டமே இல்லை. அறுவடை இயந்திரம் வந்த வயலில் அறுத்த கைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை எந்தக் கொள்முதல் கணக்கும் கூறாது.

பிறருடைய சங்கங்களை நோக்கிக் கேட்ட கேள்விகளை நம்முடைய சங்கத்தை நோக்கியும் கேட்பதுதான் நியாயம். பெயரில் 'சமுதாயம்' என்ற சொல்லைத் தாங்கிய எந்த அமைப்பும் அச்சொல்லுக்குள் யார் அடக்கம் என்று சொல்லியாக வேண்டும். உறுப்பினர் பதிவேட்டில் பெண்கள் எத்தனை பேர்? செயற்குழுவில் எத்தனை பேர்? கல்வி உதவி கேட்டு விண்ணப்பிக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது. விண்ணப்பிக்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததா? சேர்ந்த நிதியில் அரசு ஊழியர் தந்தது எவ்வளவு, நடவுக்குப் போகும் தாய்மார் மடியிலிருந்து அவிழ்த்துத் தந்தது எவ்வளவு? இவற்றுக்கு விடை குறைகூறும் வாயில் இல்லை. நம் பீரோவில் இருக்கும் ஏடுகளில் உள்ளது.

ஆகவே பட்டம் படிக்கும் நம் இளைஞர்கள் இக்கோடை விடுமுறையில் இரண்டு வேலைகளைச் செய்யலாம். எழுபது வயதுக்கு மேற்பட்ட தாய்மாரிடமும் பெரியோரிடமும் சென்று, தாம் கூலி வாங்கிய மரக்காலின் அளவு, அளந்தவர் யார், கடன் வாங்கிய மாதம், திருப்பிய மாதம் ஆகியவற்றை நாள் குறித்து எழுதி வாங்குக. மரக்காலோ படியோ இன்னும் எந்த வீட்டிலாவது இருந்தால் அதில் அரிசி நிரப்பி, தலை தட்டி ஒரு முறை, கூம்பாக ஒரு முறை எடை போட்டுக் குறித்துக்கொள்க. மற்றொரு வேலை நம் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுகளைப் படிப்பது. முதல் ஏட்டின் முதற்பக்கத்தில் கையொப்பமிட்டோர் எத்தனை பேர், கைநாட்டு வைத்தோர் எத்தனை பேர் என்று எண்ணுவதிலிருந்து அதைத் தொடங்கலாம்.